தீவு பஸ்ஸில் போட்ட துண்டு

கப்பல் அந்தக் கரீபியன் தீவில் ஒரு பகல் மட்டும் நின்றது. மாலை ஐந்து மணிக்குள் திரும்பி ஏறாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகள்தான் எங்கள் இருவரையும் கூட்டி வந்திருந்தாள். கோட்டை, கடற்கரை என்று பட்டியலே வைத்திருந்தாள். கரையில் கால் வைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இங்க பஸ் ஸ்டாண்டு எங்கம்மா இருக்கு?"

பெரம்பலூருக்கும் வேப்பந்தட்டைக்கும் இடையே முப்பது வருஷம் கண்டக்டராக ஓடிய மனுஷன். ரிட்டையர் ஆகி, வலது முட்டியில் ஆபரேஷனும் ஆகிவிட்டது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. பிடிவாதம் மட்டும் குறையவில்லை. லோக்கல் பஸ்ஸில் தீவின் மறுகோடிக்குப் போய் வர வேண்டுமாம். போனோம். போகும்போது பஸ் காலி. டிரைவரே காசு வாங்கிக்கொண்டார். "கண்டக்டர் இல்லாம இதெல்லாம் ஒரு பஸ்ஸா?" என்று வழியெல்லாம் புலம்பினார். அந்தப் புலம்பலில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

திரும்பும்போதுதான் வினை வந்தது. சந்தை கலைகிற நேரம். முதல் பஸ் நிரம்பி எங்களை விட்டுப் போய்விட்டது. அடுத்த பஸ் தலைகாட்டியபோது மணி நாலு. துறைமுகத்துக்கு முக்கால் மணி நேர மலைப்பாதை. நிற்கவாவது இடம் கிடைக்கும், ஆனால் அவரால் நிற்க முடியாது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் பின்னால வரேன்" என்றார். எதில் பின்னால் வருவாராம், கடலில் நீந்தியா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை உருவினேன். பஸ் நிற்பதற்குள், அறுபது வயதில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். திறந்திருந்த ஜன்னல் வழியே முன் சீட்டில் துண்டை வீசினேன்.

"அம்மா! இங்கெல்லாம் அப்படிப் பண்ணக் கூடாதும்மா!" என்று மகள் கத்தினாள். அவளுக்கு மானம் போகிறது. எனக்குக் கப்பல் போகிறது.

துண்டு போட்டால் இடம் நமது என்பது நம்மூர்ச் சட்டம். அது அந்தத் தீவுக்குத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் முண்டியடித்து ஏறுவதற்குள், மீன் கூடையோடு ஏறிய வாட்டசாட்டமான ஒரு அம்மாள், யாரோ தவறவிட்ட துண்டு என்று எடுத்து டிரைவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் தெரிந்த மகளோ கீழே அப்பாவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"ஐயோ, அது எங்க சீட்டுங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். ஜன்னல் வழியே அவரைக் காட்டினேன். என் முட்டியைத் தட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டினேன்.

அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு துண்டைச் சீட்டில் திரும்ப விரித்து, கூடையைக் குறுக்கே வைத்து மறித்துக்கொண்டு நின்றாள். உட்கார வந்த இரண்டு பேரை அவளே அதட்டி விரட்டினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டேன்! கடல் தாண்டி வந்து இடம் பிடித்துவிட்டேன்!

அவரை ஏற்றி உட்கார வைத்தோம். ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது துறைமுகம் வந்தது. எங்கள் கப்பல் அங்கேயேதான் நின்றது. மகள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சூப்பர்ம்மா நீ!" என்றாள்.

அவர் மட்டும் சீட்டை விட்டு எழவில்லை. துண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்தவரை, துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டு, எடுத்து வெளியே எறிந்துவிடுவார். அதை ஒரு வீரக்கதையாகவே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவர்.

"எத்தனை துண்டத் தூக்கி எறிஞ்சிருப்பேன்," என்றார் மெதுவாக. "யாருக்குக் கால் வலிக்குதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல? எந்திரிங்க, கப்பலுக்குப் போவோம்" என்று கையை நீட்டினேன்.