பூட்டக்காவின் நூற்று நான்கு

பார்சல் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. புதிதாகச் சேருகிற யாருக்கும் பாஸ்வேர்டு வைத்துக் கொடுப்பது அவள்தான். ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் மூன்று இடம் தள்ளிப் போடுவாள். கடைசி எழுத்தைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

"கடிகாரம் மாதிரிதான்பா. பதினொரு மணிக்கு மேல மூணு மணி நேரம் போனா ரெண்டு மணிதானே?"

கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அதில் மண்ணைப் போடவே வந்து சேர்ந்தாள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு புதுப் பெண். வந்த வாரமே கூட்டமெல்லாம் அவள் மேசையைச் சுற்றித்தான்.

"மொத்தமே இருபத்தஞ்சு விதமாத்தான் தள்ள முடியும்க்கா. மெஷின் கண்ணிமைக்கிறதுக்குள்ள தெரிஞ்ச வார்த்தை எல்லாத்தையும் அத்தனை விதமாவும் போட்டுப் பாத்துடும். சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தையை நீளமா சேர்த்து வைங்க, அதுதான் பலம்" என்றாள் போகிற போக்கில்.

பூட்டக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று வந்தவள் எனக்கு எண்ணிக் காட்டுகிறாளா? அன்றிலிருந்து அவளை 'மினுக்கி' என்றே பேசினாள். அது ஒருநாள் அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்தது.

பிறகு மேலாளர் ஒரு சோதனை வைத்தார். பூட்டக்காவின் பாஸ்வேர்டை அந்தப் பெண் உடைத்துவிட்டால், பாஸ்வேர்டுப் பொறுப்பு முழுவதும் இனி அவளுக்கு.

பூட்டக்கா விடுவாளா? மூன்று தள்ளினால்தானே கண்டுபிடிப்பாய்? வீட்டுக் கதவு எண் நூற்று நான்கு. அத்தனை தள்ளுகிறேன், வா பார்ப்போம்! மகன் எழுதிக் கொடுத்த சின்ன புரோகிராமில் சொல்லையும் எண்ணையும் கொடுத்தால், அதுவே தள்ளிப் பாஸ்வேர்டுப் பெட்டியில் நிரப்பிவிடும். கண்ணுக்குத் தெரிவது புள்ளிகள்தான். என்ன சொல் போடுவது? இருந்த ஆத்திரத்தில் வேறு எது வரும்! மினுக்கியையே போட்டாள்.

சோதனை மேலாளர் அறையில் நடந்தது. அவர் ஜன்னல் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பூட்டக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் பொத்தானைத் தட்டியதுதான் தாமதம், திரையில் ஆங்கில எழுத்தில் வந்து நின்றது: மினுக்கி.

பூட்டக்கா திரைப்பக்கம் குனிந்தாள். "நூத்தி நாலு தள்ளினேனே!" என்றாள் தன்னையறியாமல்.

"இருபத்தாறு தள்ளினா கிளம்புன இடத்துக்கே வந்துடும்க்கா. நூத்தி நாலுன்னா சரியா நாலு சுத்து. மீதி ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டுத் திரையை மறுபடி பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. பிறகு அந்த வரியை அழித்தாள்.

மேலாளர் திரும்பினார். "உடைஞ்சுதா?"

"உடைஞ்சிடுச்சு சார்."

"அப்படி என்ன வார்த்தை?"

"அதை வெளிய சொல்லக் கூடாது சார்."

பொறுப்பு போனதைக்கூடப் பூட்டக்கா தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டியிருந்தால், காலமெல்லாம் கரித்துக்கொட்ட வசதியாக இருந்திருக்கும். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அலுவலகத்தையே கூப்பிட்டுக் காட்டியிருப்பேன் என்பது பூட்டக்காவுக்குத் தெரியும். அந்த மூளைமீது பட்ட பொறாமை இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. இந்த மனசு எனக்கு வரவில்லையே என்பதுதான் இப்போது தின்றது.

"வாங்கக்கா, புதுசா ஒண்ணு வச்சிடலாம்" என்றாள் அந்தப் பெண். "உங்களுக்குத் தோணுற நாலு வார்த்தை சொல்லுங்க."

பூட்டக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளிப் போட்டாள்.