பெட்ரோல் வரியும் ஆறாம் வகுப்பும்

1983 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு அப்பா பெட்ரோல் பங்கு வேலைக்குப் போய்விட்டார். வீட்டைப் பெருக்கினேன், இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன், பன்னிரண்டு மணிக்கு அவருடைய சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பினேன். அம்மா இறந்த பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான். மதியம் வரை வீட்டில் பேச ஆள் இருக்காது.

ரெட்டியார்பாளையத்தில் நான் படித்த அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. டவுன் பள்ளிக்கு என்னைத் தனியே பஸ்ஸில் அனுப்ப அப்பாவுக்குப் பயம். எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பு வந்தால் அவரோடு இருக்கலாம். வராவிட்டால் ஜூனில் விழுப்புரத்து அத்தை வீடு. அரசாங்கத்திடம் பணம் இருந்தால் வகுப்பு வரும், பெட்ரோல் வரியும் அந்தப் பணத்தில்தான் சேர்கிறது என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். எனக்கு அது போதும். அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சாலையோரம் நின்று, போகிற வண்டிகளையெல்லாம் பங்குக்குள் கை காட்டி அழைத்தேன்.

பதினோரு வண்டிகள் நிற்கவில்லை. பன்னிரண்டாவதாக ஓர் அம்பாசிடர் நின்றது.

“இன்னா பாப்பா, உங்கப்பன் பங்கா இது?” என்றார் டிரைவர்.

“இல்ல மாமா. நீங்க பெட்ரோல் போட்டா அந்த வரியில எங்களுக்கு ஆறாங்கிளாஸ் வரும்.”

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். “அடிப்பாவி! இங்க வரி கம்மின்னுதான விழுப்புரத்துலேர்ந்து ஸ்டேட் எல்ல தாண்டி வந்து டேங்க்க ரொப்பிக்கினு போறோம்!”

வரி குறைவு என்பது எனக்குப் புதுச் செய்தி. கையைக் கழுவிவிட்டுப் பெட்ரோல் பிடிக்க வந்த அப்பாவிடம் சொன்னேன்: “வரிய ஏத்தச் சொல்லுப்பா.”

“ஏத்தினா இவுரு எதுக்கு இங்க வராரு? அப்பறம் உங்கப்பனுக்கு இன்னா வேல?”

இருவரும் சிரித்தார்கள்.

அன்று மாலை முழுவதும் யோசித்தேன். எனக்கு வகுப்பு வந்தால் அப்பாவுக்கு வேலை போகும். வேலை இருந்தால் வகுப்பு வராது. குறைந்த வரியிலும் வண்டிகள் நிறைய வந்தால் கஜானா நிறையும் என்பதோ, அப்பா சொன்னது வெறும் கேலி என்பதோ எனக்கு அப்போது தெரியாது. இரவு சாப்பிடும்போது, “ஏம்மா, ஒடம்புக்கு இன்னா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலை, அவர் எழுவதற்கு முன், முதல் வேலையாக அத்தைக்குக் கார்டு எழுதித் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன்: “ஜூன் மாதம் வருகிறேன். எனக்கும் அங்கே படிக்கத்தான் ஆசை.”