வெல்டர் சொன்ன ஸ்கோர்

என் அத்தான் ஐரிஷ்காரர். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்துக் கன்டீன் ஒன்றில் அக்கா சமைத்துக்கொண்டிருந்த காலத்தில், சூப்பில் உப்பில்லை என்று தினமும் சண்டைபிடிக்க வந்தவர். கடைசியில் அக்கா அவரையே கட்டிக்கொண்டார். எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் அதன்பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. மீதிப்பேர் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, போகிற வழியில் கதைத்தார்கள். அத்தான் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவருடைய பகை முழுவதும் வேறோரிடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

அவருக்கு உதைபந்தாட்டம் ஆகாது. உதைபந்து பார்க்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். இப்படிப்பட்டவர் வந்து குடியேறிய ஊரைப் பாருங்கள். கெல்சென்கிர்ச்சனில் பிள்ளைக்குப் பெயர் வைக்கமுன்னரே கழுத்தில் ஊர் உதைபந்துக் கழகத்தின் நீலவெள்ளைச் சால்வை விழுந்துவிடும். ஆட்டம் உள்ள நாளில் ட்ராம் முழுவதும் பாட்டும் பியர் மணமுமாக இருக்கும். அன்றைக்கு அத்தான் எவ்வளவு தூரமானாலும் நடந்தே போவார்.

அவருடைய ஆட்டம் கெய்லிக். அயர்லாந்துக்காரர் தங்களுக்கென்றே வைத்திருக்கிற பந்தாட்டம் அது. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். கம்பம் ஆங்கில எழுத்து H போல நிற்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று. யாருக்கும் சம்பளம் கிடையாது, பிறந்த ஊருக்காக ஆடவேண்டியதுதான். உதைபந்தை அவர்கள், தங்களை ஆண்ட இங்கிலாந்துக்காரன் கொண்டுவந்த அந்நியன் ஆட்டம் என்பார்கள். ஒருகாலத்தில் உதைபந்து ஆடினவனை, வேடிக்கை பார்க்கப் போனவனைக்கூட, கெய்லிக் கழகத்திலிருந்து நீக்குகிற சட்டமே இருந்ததாம். அந்தச் சட்டத்தை எடுத்தபோது அத்தான் சின்னப் பொடியன். எடுத்தது பெரிய பிழை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் ஊரை நினைத்தேன். உதைபந்துக் கழகமும் கரப்பந்துக் கழகமும் ஒரே வாசிகசாலையில் வேறுவேறு வாங்குகளில் குந்தியிருந்து ஒரே பேப்பரை வாசித்த ஊர் அது. கப்பல் ஏறி, பிளேன் ஏறி, அகதியாகப் பதிந்து, ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்த பிறகும், கலியாண வீட்டில் அந்த இரண்டு கோஷ்டியும் ஒரு மேசையில் இருக்காது. எனவே ஐரிஷ்காரரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என்றாலும் சிரித்தேன்.

அத்தானுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். ஒரே கிராமம், ஒரே பள்ளிக்கூடம். வெல்டிங் வேலை செய்பவன் என்பதால் வெல்டர் என்றே நாங்கள் சொல்வோம். அவன் என்று நான் எழுதுவது மரியாதைக் குறைவால் அல்ல, அத்தானின் வாயில் அவன் அப்படித்தான் இருந்தான். இளவயதில் அந்தக் கிராமத்துக் கெய்லிக் அணியில் அவனைவிடக் கெட்டிக்காரன் கிடையாதாம். ஓர் இறுதியாட்டத்துக்குக் கொஞ்சநாள் இருக்கையில், இங்கிலாந்தில் ஓர் உதைபந்துக் கழகம் பரீட்சித்துப் பார்க்கக் கூப்பிட்டது என்று போய்விட்டான். கிராமம் தோற்றது. அங்கே போனவனுக்கு முழங்கால் உடைந்து, ஒரு கழகமும் எடுக்காமல் திரும்பி வந்தான். அந்த வருடம் கிராமத்து அணிக்குத் தலைவர் அத்தான்.

அத்தான்தான் அவனைப் பின்னாளில் ஜெர்மனிக்குக் கூப்பிட்டு வேலை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதற்கான விலையை வாயால் வாங்கினார். அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, நகரத்து ஐரிஷ்காரர் எல்லாரும் கூடுகிற மதுச்சாலையில் வைத்து, வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே முழங்காலுக்குப் போடுகிற பட்டி. சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்து, அதை அங்கேயே போட்டுக்காட்டினான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்த எனக்கு, இவன் இதைச் சும்மா விடமாட்டான் என்று விளங்கிவிட்டது.

விடவில்லை. அத்தானும் அவருடைய ஆட்களும் நகரசபையிடம் அலைந்து திரிந்து, ஒரு பழைய மைதானத்தை எடுத்து, H கம்பங்கள் நட்டு, சனிக்கிழமைகளில் கெய்லிக் ஆடிவந்தார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், இரண்டு பக்கமும் கம்பங்களின் மேல்பாதி இல்லை. குறுக்குச் சட்டத்தோடு நேர்த்தியாக வெட்டி, வெட்டிய வாயை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. இரண்டும் அசல் உதைபந்துக் கம்பங்களாக நின்றன. அவ்வளவு சுத்தமாக இரும்பு வெட்டக்கூடியவன் அந்த ஊர் ஐரிஷ்காரரில் ஒருவன்தான். அத்தான் புல்லில் குந்தியிருந்து அழுதார் என்று அக்கா சொன்னார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. மதுச்சாலையில் உதைபந்து ஆட்களுக்கு ஜன்னலோர மேசை, கெய்லிக் ஆட்களுக்கு உள்மேசை என்று ஆகிவிட்டது.

பிறகு அத்தானுக்குப் புற்றுநோய் வந்தது. நுரையீரலில் தொடங்கித் தலைக்கு ஏறி, கண்பார்வையை எடுத்துக்கொண்டது. காதை ஏற்கெனவே தெருவேலையில் அவர் பிடித்த தார் உடைக்கிற இயந்திரங்கள் தின்றுவிட்டன. இடது காதுக்குள் வாயை வைத்துச் சொன்னால் மட்டும் கேட்கும். ஆஸ்பத்திரியில், இனி வைத்தியம் இல்லை என்றவர்களை வைத்திருக்கிற பகுதியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அங்கே எல்லாரும் மெதுவாகக் கதைப்பார்கள். அத்தான் மட்டும் கத்துவார்.

அக்காவுக்கு அப்போது இருந்தது ஒரே ஆசை. இந்த மனிதன் போவதற்குமுன் வெல்டரோடு ஒரு வார்த்தை பேசவேண்டும். வெல்டர் தினமும் ஆஸ்பத்திரிக் கன்டீனுக்கு வந்து ஒரு கோப்பியோடு குந்தியிருப்பான், கூப்பிட்டால்தான் மேலே வருவான். அத்தான் கூப்பிடமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் படியேறி இறங்கினேன். செத்தவீட்டுக்காவது வரட்டும் என்று மேலேயிருந்து ஒரு செய்தி வரும். அதற்கு லீவு போட்டாச்சு என்று கீழேயிருந்து பதில் போகும். எனக்கு இருவரையும் கழுத்தைத் திருகவேண்டும் போலிருந்தது.

ஜூலையில் அத்தான் பிறந்த மாவட்டத்தின் அணி அகில அயர்லாந்து கெய்லிக் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. அவருக்கு விவரம் தெரிந்த காலம் தொட்டு அவர்கள் கிண்ணம் தூக்கியதில்லை. கெய்லிக் ஆட்கள் முழுப்பேரும் ஆட்டம் நடக்கிற டப்ளினுக்கு டிக்கெட் போட்டார்கள். உங்களுக்காகவும் சேர்த்துக் கத்துவோம் என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார்கள். கண் தெரியாத மனிதனுக்கு ஆட்டத்தைச் சொல்ல ஒருவராவது நிற்கவேண்டும் என்ற யோசனை அத்தனை பேரில் ஒருவனுக்கும் வரவில்லை.

அக்கா தானே சொல்லிப் பார்ப்பதாகப் பழைய ஆட்டம் ஒன்றை டேப்லெட்டில் போட்டு ஒத்திகை பார்த்தார். "ஒருத்தன் பந்தோடை ஓடுறான். இப்ப வேறை ஒருத்தன் ஓடுறான். எல்லாரும் ஓடுறாங்கள்" என்றார். அத்தான் தலையணையால் காதை மூடிக்கொண்டார். என்னுடைய வர்ணனை அதைவிடக் கேவலமாக இருந்தது. கெய்லிக் தெரிந்தவர்களில் இந்த நகரத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் கீழே கன்டீனில் இருந்தான். அது அத்தானுக்கும் தெரியும். ஆட்டம் நடக்கிற ஞாயிறு மத்தியானம்வரை வீம்பு பிடித்துவிட்டு, கடைசியில் வாயைத் திறந்தார். அவர்கள் பேசிய இங்கிலிஷும் ஜெர்மனும் எனக்குள் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டன, அப்படியே தருகிறேன்.

"அந்த நாயைக் கூட்டிக்கொண்டு வா. ஆட்டத்தைத் தவிர வேறை ஒண்டும் கதைக்கக்கூடாது."

வெல்டர் வந்தான். சுகமா என்று கேட்கவில்லை. கதிரையை இழுத்து, டேப்லெட்டை மடியில் வைத்து, அத்தானின் இடது காதுப்பக்கம் குனிந்தான். ஆட்டம் தொடங்கியது.

அவன் சொன்னதை நான் எழுத முயன்றால் கெடுத்துவிடுவேன். யார் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறான், காற்று எங்கேயிருந்து அடிக்கிறது, எந்தப் பின்வரிசைக்காரனுக்குக் களைத்துவிட்டது, எல்லாம் சொன்னான். அந்த ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனவன் அதை ஒருநாளும் விடவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இடைவேளைக்குப் பிறகு அத்தானின் கை போர்வைக்கு வெளியே வந்து தடவித் தடவி, வெல்டரின் உடைந்த முழங்காலில் போய் நின்றது. வெல்டர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார். அவருக்கு இனி வேறொன்றும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆட்டம் முடியும் தறுவாயில் அத்தானின் மாவட்டம் இரண்டு புள்ளி முன்னால் நின்றது. அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது எதிரணிக்காரன் ஒருவன் உயரத்தில் வந்த பந்தைக் குத்தி வலைக்குள் போட்டான். மூன்று புள்ளி. நடுவர் விசில் ஊதிவிட்டார். வெல்டர் குனிந்து, உள்ளதைச் சொன்னான். ஒரு புள்ளியால் தோற்றுவிட்டீர்கள்.

அத்தான் கையை முழங்காலிலிருந்து எடுத்தார்.

பொய் சொல்கிறான் என்று கத்தினார். முழங்கால்பட்டிக்குப் பழிவாங்குகிறான், இதற்காகத்தான் இவ்வளவு நாளும் கீழே காத்துக்கிடந்தான் என்றார். தாதி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அத்தானுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் நான் பழக்கிய தூஷணமும் அக்கா பழக்கிய சில சொற்களும்தான். அக்கா இருந்த திசையில் முகத்தைத் திருப்பி, தமிழிலேயே கேட்டார்.

"பொய்யா?"

அக்கா திரையைப் பார்த்தார். தோற்றவர்கள் புல்லில் முகம் குப்புறக் கிடந்தார்கள். இல்லை என்றால் புருஷன் அந்தத் தோல்வியோடு போகவேண்டும். ஓம் என்றால் வெல்டர் சாகிறவனை ஏய்த்தவன் ஆகிவிடுவான். அக்கா வெல்டரைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம், பொய்தான்" என்று அக்கா காதுக்குள் சொன்னார். "நீங்கள் வெண்டிட்டீங்கள்."

அத்தான் வெல்டர் இருந்த பக்கம் திரும்பினார். உன் வாயால் சொல் என்றார். வெல்டர் குனிந்தான்.

"ஓம். நீங்கள்தான் வெண்டது. நான் பொய் சொன்னனான்."

"வெளியிலை போ" என்றார் அத்தான்.

அக்கா பின்னாலேயே ஓடினார். நடைபாதையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன்தான் பேசினான். "நீங்கள் செய்தது சரி. கிண்ணமும் கிடைச்சிட்டுது, என்னைத் துரத்தவும் கிடைச்சிட்டுது. அவனுக்கு இதைவிட நல்ல நாள் ஏது?" என்றான். லிஃப்டுக்குக் காத்திராமல் அந்தக் காலோடு படியால் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அத்தான் அதிக நாள் இருக்கவில்லை. இருந்தவரை, சட்டை மாற்ற வருகிற தாதி, தரை துடைக்க வருகிற மனுசி, எல்லோருக்கும் இரண்டு விஷயம் சொன்னார். எங்கள் மாவட்டம் வென்றது, என் பழைய சிநேகிதன் அதைக்கூட மறைக்கப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டவேண்டியிருந்தது. டப்ளினிலிருந்து திரும்பிய கெய்லிக் ஆட்களை அக்கா வாசலில் மறித்து விஷயத்தைச் சொன்னார். அழுது சிவந்த கண்களோடு உள்ளே போய், காதுக்குள் வெற்றிப்பாட்டுப் பாடினார்கள். அத்தான் வெல்டரின் பொய்யைச் சொன்னபோது, அவன் அப்படிப்பட்டவன்தானே என்று சேர்ந்து திட்டினார்கள். அவன் சொன்ன ஸ்கோரை டப்ளினில் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தவர்கள்.

சவப்பெட்டியைத் தோளில் சுமக்க வெல்டரையும் சேருங்கள் என்று அக்கா கேட்டார். கழகத்துச் சட்டை போர்த்திய பெட்டிக்குக் கீழே அவன் நிற்க முடியாது என்றார்கள். அவன் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனான்.

அடக்கம் முடிந்து சாப்பாடு மதுச்சாலையில். உள்மேசையில் கழகத் தலைவர் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாகிற மனிதனின் காதுக்குள் வெல்டர் சொன்ன பொய்யைச் சொல்லத் தொடங்கினார். தாதிக்குச் சொன்ன கதை, பாட்டுப் பாடினவர்கள் கேட்ட கதை, இப்போது கையும் காலும் முளைத்து நடந்தது. தோற்றுவிட்டீர்கள் என்று சொல்லி வெல்டர் சிரித்தானாம். அக்கா எழும்பினார். கறுப்புச் சேலையில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், ஜெர்மனில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"அவன் சொன்னதுதான் உண்மை. உங்கள் எல்லாருக்கும் தெரியும். பொய் சொன்னது நான்."

ஜன்னலோர மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கழகத் தலைவர் கிளாஸை வைத்துவிட்டு வந்து, அக்காவின் தோளில் கைபோட்டு, மிகவும் அன்பாகக் கதிரையில் இருத்தினார். நல்ல மனிதர், பெட்டிக்கு முன்பக்கத் தோள் கொடுத்தவர்.

"நீங்கள் களைச்சுப்போனீங்கள்" என்றார். "எங்கடை ஆட்டம் உங்களுக்கு விளங்காது."

பிறகு மேசைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.