முன்னூற்று ஐந்து லிட்டர்

அக்கா வீட்டு மீன் தொட்டியை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. தொட்டி என்ன பாவம் பண்ணியது? ஒன்றும் பண்ணவில்லை. அதைச் சுற்றி நின்ற மனுஷர்களை நினைத்துத்தான் குமட்டல்.

காட்டூரில் அத்தான் புது வீடு கட்டியபோது, ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்று வாஸ்துக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். ஹாலில் அந்த மூலைக்கென்றே ஒரு தொட்டி செய்தார்கள். சாதாரணப் பெட்டித் தொட்டி என்றால் அதன் முனை குடும்பத் தலைவரின் நெஞ்சைக் குத்துமாம். அதனால் சுவரை ஒட்டும் இரண்டு பக்கமும் நேர்க் கண்ணாடி, முன்பக்கம் மட்டும் வில் மாதிரி வளைந்த கண்ணாடி. மேலிருந்து பார்த்தால் நாலாகப் பிய்த்த தோசையில் ஒரு துண்டு. உள்ளே ஃபைபரில் ஒரு மலை, அதன் உச்சியில் குட்டியாக ஒரு கோயில். மலைக்கோட்டையாம்! அடியில் கூழாங்கல் வேறு. மிச்ச இடத்தில் ஒரே ஒரு மீன், ஃப்ளவர்ஹார்ன். நெற்றியில் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்திருக்கும். அது எவ்வளவு புடைக்கிறதோ அவ்வளவு யோகம் என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவருக்கு அது யோகம். அக்காவுக்கு அது பேச்சுத்துணை. பிள்ளைகள் வெளியூரில். மனை வாங்கி விற்கிற அத்தான் காலையில் போனால் இருட்டித்தான் வருவார், வந்தாலும் காதில் போன். அக்கா அந்த மீனிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "என்னடா செல்லம், பசிக்குதா?" என்று வளையல் கையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனால் போதும், அது மலைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து வாலை ஆட்டும். அவள் கையிலிருந்தே தீனி வாங்கித் தின்னும். முதல்முறை பார்த்தபோது நான் சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அவள் குரலுக்குத் திரும்பிப் பார்த்த ஒரே ஜீவன் அதுதான்.

போன வருஷம் அதன் உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்தது. ரவையைத் தூவின மாதிரி. அக்கா பதறிப்போய் எனக்குப் போன் பண்ணினாள். நான் புத்தூரில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். மனுஷனுக்கு மருந்து கொடுக்கிறவளுக்கு மீனைப் பற்றித் தெரியாதா என்பது அவள் நினைப்பு. எனக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, வழியில் மீன் கடையில் விசாரித்து மருந்து வாங்கினேன். கடைக்காரர் பாட்டிலைக் கொடுக்கும்போதே எச்சரித்தார்.

"பத்து லிட்டருக்கு ஒரு மில்லிங்க. கூடிச்சுன்னா மீன் தாங்காது. டேங்க்ல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு சரியாப் பாத்துட்டுப் போடுங்க."

எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்பது எனக்குத் தொழிலில் ஊறிப்போன புத்தி. டேப்பைப் பிடித்தோம். சுவரோரப் பக்கங்கள் தொண்ணூறு தொண்ணூறு சென்டிமீட்டர், உயரம் அறுபது. பெட்டியாக இருந்தால் நானூற்று எண்பத்தாறு லிட்டர். ஆனால் இது பெட்டி இல்லையே! கால் வட்டத்துக்குக் கணக்குப் போட்டால் விளிம்பு வரைக்கும் முன்னூற்று எண்பது சொச்சம் வருகிறது. அதிலும் மேலே நாலு விரற்கடை காலி. அந்தப் பாழாய்ப்போன மலை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, கூழாங்கல் எவ்வளவு, யாருக்குத் தெரியும்?

"வாளியால அளந்துடலாம்டி," என்றாள் அக்கா. எப்படியும் தண்ணீரை மாற்றத்தானே வேண்டும்.

மீனை ஒரு டப்பில் விட்டுவிட்டுத் தொட்டியைக் காலி பண்ணினோம். கல்லுக்கடியில் கிடந்த அழுக்கும் ஊறிப்போன தீனியும் சேர்ந்து அடித்த நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கழுவினேன். பிறகு இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் போர் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றினோம். பதினைந்து வாளி. அதன்மேல் ஒரு லிட்டர் மக்கில் ஐந்து. வழக்கமாக நிற்கும் மட்டம் வந்துவிட்டது. அந்த இடத்தில் கண்ணாடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். முன்னூற்று ஐந்து லிட்டர், முப்பது மில்லி மருந்து. அக்கா முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தான் சாப்பிட வந்தார். விஷயத்தைக் கேட்டார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். முகம் சுருங்கிவிட்டது.

"மூணும் அஞ்சும் எட்டு. எட்டா? சனியில்ல அது! எட்டுல மருந்து போட்டா எப்படி வெளங்கும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய கார் நம்பர், போன் நம்பர், விற்கிற மனை நம்பர் எல்லாமே கூட்டினால் ஒன்பது வரும். நாங்கள் கணக்குப் போட்ட தாளை இழுத்துப் பார்த்தார். நான் முதலில் எழுதி அடித்திருந்த நானூற்று எண்பத்தாறில் விரல் வந்து நின்றது. நாலும் எட்டும் ஆறும் பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது.

"இந்தா, இதான் கணக்கு!"

"அத்தான், அது பெட்டிக் கணக்குங்க. இந்தத் தொட்டியில முன்பக்கம் வளைஞ்சுல்ல போகுது?"

"மூலை மனைன்னா ரோடு வளையிற முக்கையும் சேத்துத்தாம்மா நாங்க அளவு சொல்லுவோம். எத்தனை மனை வித்திருக்கேன், எனக்கா அளக்கத் தெரியாது?"

இல்லாத மூலையையும் இருக்கிறதாகச் சொல்லி விற்கிற மனுஷன் அதை என்னிடமே பெருமையாகச் சொல்கிறார்! வாய்விட்டுச் சொன்னேன், "இல்லாத எடத்துல தண்ணி நிக்காது அத்தான். கூடப் போட்டா அது செத்துரும்." அவர் கையை வழித்து நக்கிக்கொண்டே, "நீ மனுஷனுக்கு மருந்து குடும்மா, போதும்," என்றார். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்து ரசக் கிண்ணத்தை எடுத்தாள். எனக்கு அவள்மேலும் எரிச்சல் வந்தது. புதுத் தண்ணீர் ஒரு ராத்திரி தெளியட்டும் என்று மீனை மட்டும் தொட்டியில் விட்டேன். மருந்தை அவளிடம் கொடுத்து, "முப்பது மில்லிதான்," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் அவரே குளித்து, விபூதி பூசி, சாமி கும்பிட்டுவிட்டு ஒன்பதாம் கணக்குப்படி கிட்டத்தட்ட ஐம்பது மில்லி ஊற்றியிருக்கிறார். மத்தியானத்துக்கெல்லாம் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. அக்கா வளையல் கையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அப்போதும் அது அவள் விரலைத்தான் முட்டியதாம். போனில் இதைச் சொல்லி அழுதாள். நான் கடையில் நின்றுகொண்டு, ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அத்தானைக் கண்டபடி திட்டினேன்.

செத்ததை மஞ்சள் துணியில் சுற்றி, சூடம் காட்டி, உய்யக்கொண்டான் வாய்க்காலில் கொண்டுபோய் விட்டாராம். ஊர்ச் சாக்கடையும் பிளாஸ்டிக் குப்பையும் மிதக்கிற தண்ணீரில், பூ வைத்து! தூ, அந்தப் பக்தியில் என்ன இருக்கிறது?

அதைவிட அசிங்கம் அடுத்த ஞாயிறு நடந்தது. அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஹாலில் வாஸ்துக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். மீன் இல்லாத தொட்டியில் காற்றுக் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரும் சுவிட்சைக்கூட அணைக்கவில்லை.

"நீங்க சந்தோஷப்படணும் சார்," என்றார் அவர், வாயில் முறுக்கோடு. "உங்களுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிருக்கு. அதுக்குத்தானே மீன் வளக்கறது! அதே எடத்துல இன்னொண்ணு விடுங்க, இதவிடப் பெரிய மண்டையா."

"அதான் நானும் சொல்றேன்," என்றார் அத்தான். "நம்ம உசுரைக் காப்பாத்திட்டுல்ல போயிருக்கு!" அக்காவைப் பார்த்து, "என்ன கலர் வாங்கலாம் சொல்லு," என்று வேறு கேட்டார்.

இவர் கையால் கொன்றுவிட்டு, அது இவருக்காகச் செத்தது என்று கொண்டாடுகிறார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா காபித் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பெயின்ட் வாளியும் டியூபும்.

டியூபைத் தொட்டிக்குள் விட்டாள். வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் ஊற்றினாள்.

"ஒண்ணு," என்றாள்.

"என்ன பண்ற?" என்றார் அத்தான்.

அடுத்த வாளியும் வாசலுக்குப் போனது. "ரெண்டு."

நான் எழுந்து டியூபைப் பிடித்துக்கொண்டேன். அவள் சுமந்தாள். புடவை நனைந்தது, தரையெல்லாம் தண்ணீர், வாஸ்துக்காரர் காலை மேலே தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார். "ஈசானியத்தைக் காலி பண்ணக் கூடாதும்மா," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஏழு," என்றாள் அக்கா. அத்தான் அதட்டினார், அப்புறம் கெஞ்சினார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார். காபி ஆடை கட்டியது.

பதினைந்தாவது வாளியை ஊற்றிவிட்டு வந்து, கல்லுக்கடியில் கிடந்ததை மக்கில் எடுத்தாள். ஐந்து மக்கு. பிளாஸ்திரியை உரித்து அத்தான் முன்னால் டீப்பாயில் ஒட்டினாள்.

"முன்னூத்தி அஞ்சுங்க," என்றாள் அக்கா. "இப்பக் கூட்டிப் பாருங்க. எட்டு வருதுல்ல?"