லைசென்ஸ்காரி காசியம்மாள்

எங்கள் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஏழு பேர். ஆறு பேர் மீசைக்காரர்கள். ஏழாவது ஆள் என் ஓரகத்தி காசியம்மாள், என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளோடு நான் சண்டை போடாத மாதம் கிடையாது. ஆனாலும் அவளைப் பற்றி வேறு யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஏரியூரிலிருந்து உள்ளே தள்ளி, காட்டோரம் எங்கள் நிலம். கடலைச் செடியில் காய் பிடித்தால் போதும், பன்றிகள் மோப்பம் பிடித்து வந்துவிடும். கூட்டமாக இறங்கினால் ஏர் ஓட்டின மாதிரி ஆகிவிடும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் ஓடும். அதற்காகத்தான் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ், ஒற்றைக்குழல் துப்பாக்கி. முதலில் அக்காவின் புருஷன் மாது பெயரில் இருந்தது. அவர் போனதும், "ஒப்படைச்சிடுங்கம்மா, உங்களுக்கு எதுக்கு?" என்றார்கள் ஆபீஸில்.

"எம் புருசன் செத்துட்டாருன்னு பன்னி வராம இருக்குதுங்களா?" என்று கேட்டாள். மூன்று வருஷம் தர்மபுரிக்கு அலைந்து தன் பெயரிலேயே வாங்கினாள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு திருப்பித் தருவார்கள். போன நாடாளுமன்றத் தேர்தல் முடிந்தபோது அக்கா காய்ச்சலில் கிடந்தாள். என் வீட்டுக்காரர் முருகேஷ் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். "எங்க அண்ணியுதுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டார். ஸ்டேஷன் ரைட்டர் வீரமணிக்கு எங்கள் குடும்பமே பழக்கம். தெரிந்த ஆள்தானே என்று கொடுத்துவிட்டார்.

வாங்கி வந்தவர் நேரே அக்காவிடம் கொடுத்தாரா? கொடுத்தால்தான் தேவலையே! தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடை வரைக்கும் ஊர்வலம். "யாரு கைல இருந்தா என்ன, எல்லாம் ஒரே குடும்பந்தானே" என்று ஒரு நியாயம் வேறு. இருபது நாள் எங்கள் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா காய்ச்சல் விட்டு எழுந்து வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "முருகேசு, அந்தப் புத்தகத்துல இருக்கற மூஞ்சி உன்னுதா?"

இவர் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைக்கப் போனபோது, மீசைக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே ரைட்டரிடம் சொன்னாள். "சார், திருப்பிக் குடுக்கறப்ப புத்தகத்த மட்டும் பாத்துக் குடுக்காதீங்க. ஆதார் அட்டையும் கேளுங்க. அட்டையில இருக்கற மூஞ்சியும் எதுர்ல நிக்கற மூஞ்சியும் ஒத்து வந்தாத்தான் குடுக்கணும்."

அவர்களுக்கு வந்ததே கோபம்! "லைசென்ஸ்லயே போட்டோ ஒட்டி சீல் அடிச்சிருக்குது. அதுக்கு மேல ஒரு அட்டையா? நாங்க என்ன திருடனுங்களா?"

"அந்தப் போட்டோ எடுத்தப்ப உங்க மீசையெல்லாம் கருப்பு" என்றாள் அக்கா. "பஸ் பாஸுக்கே அட்டை காட்டறோம். இது அதவிடச் சின்னச் சாமானா?"

வீரமணி யோசித்துவிட்டு, "செரிங்கக்கா, எல்லாத்துக்கும் அப்படியே பண்ணிக்கலாம்" என்றார்.

மகள் பானுமதிக்குச் சுகப்பிரசவம் ஆனால் மொட்டை போடுவதாக அக்காவுக்கு வேண்டுதல் இருந்தது. ஓட்டு எண்ணி முடிந்த கையோடு பொம்மிடியில் ரயிலேறித் திருப்பதிக்குப் போய், முடியைக் கொடுத்துவிட்டு வந்தாள். துப்பாக்கி திருப்பித் தரும் நாளன்று நானும் அவளோடு போனேன். கடலை பிடுங்க இன்னும் பதினைந்து நாள். முந்தின நாளே பன்றி ஒரு மூலையைக் கிளறிவிட்டிருந்தது. அந்த இரண்டு ஏக்கரை விட்டால் அவளுக்கு அந்த வருஷம் வேறு வெள்ளாமை கிடையாது.

ஸ்டேஷனில் மீசைக்காரர்கள் ஆளுக்கொரு ஆதார் அட்டையோடு முனகிக்கொண்டே நின்றார்கள். என் வீட்டுக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அக்காவின் முறை வந்தது. வீரமணி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"அக்கா, அட்டையில சடை தொங்குது. இங்க தலை பளபளங்குது. ஒத்து வரலீங்களே!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "நுணலும் தன் வாயாலதான் கெடும்" என்றார் ஒருவர்.

"சும்மா சொன்னேங்கக்கா" என்றார் வீரமணி. "உங்கள எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க."

அக்கா பேனாவைத் தொடவில்லை. "போன வாட்டியும் தெரிஞ்சவங்கன்னுதானுங்க குடுத்தீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு இன்னிக்கிச் சிரிச்சிக்கிட்டே குடுத்தா, நாளைக்கி இன்னொருத்தனுக்கும் சிரிச்சிக்கிட்டே குடுப்பீங்க. புதுப் போட்டோ எடுத்துக்கிட்டு வரேன். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டுங்க சார்."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியமா அக்கா? கடல பூரா போயிடுமே! கூப்பிட்டுக் குடுக்கறப்ப வாங்கிக்க வேண்டியதுதானே?"

"கடல போனா அடுத்த வருசம் போட்டுக்கலாம் ராஜாமணி. அந்தத் துப்பாக்கில ஒரு உசுரு போச்சுன்னா, யாரு கைல இருந்துச்சுன்னு கேக்க மாட்டாங்க. காசியம்மாள்னுதான் எழுதுவாங்க."



ஆதார் சென்டரில் போட்டோ எடுக்கும் பெண், "முடி வளந்ததும் வாங்கம்மா, இப்ப எடுத்தா நல்லா இருக்காது" என்றாள். "அழகு பாக்க எடுக்கலீங்க, அடையாளத்துக்கு எடுக்கறேன்" என்று மொட்டைத் தலையோடு நேராக உட்கார்ந்தாள் அக்கா.

புது அட்டை கைக்கு வரப் பதினோரு நாள் ஆனது. அத்தனை நாளும் தகர டப்பாவும் தட்டுமாகக் கடலைக்காட்டைக் காத்தோம். மூன்றாம் நாள், கூப்பிடாமலே என் வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து வரப்பில் நின்றார். அப்படியும் கால் ஏக்கர் போய்விட்டது. 

பன்னிரண்டாம் நாள் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியை உள்ளேயிருந்து எடுத்துவந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். இரண்டு பெண்கள், ஓர் ஆண். யோசிக்கவே இல்லை. நேரே என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

முருகேஷ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட குடுக்காதீங்க சார். லைசென்ஸ்காரங்க எங்க அண்ணி. மொதல்ல அட்டையக் கேளுங்க."

வீரமணி எழுந்து வந்து அட்டையை வாங்கினார். மொட்டைத் தலையைப் பார்த்தார், அட்டையில் இருந்த மொட்டைத் தலையைப் பார்த்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "காசியம்மாள்" என்று பெயரை உரக்க வாசித்து, நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து அவள் தோளில் துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன்ன நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்குது அக்கா" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் அதை அவளிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

"கண்ணத் தொடச்சிக்கிட்டு வெரசா நட புள்ள" என்றாள். "பஸ்ஸு போயிடும்."