பத்து நாள் ஆஜர்

முந்தாநாள் என் மகன் தோல் மண்டியிலிருந்து நேரங்கழித்து வீடு வந்தான். மருமகள் சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு, "இன்னிக்கு உங்களுக்குப் பகிஷ்காரம்" என்றாள். அவன் மட்டும் சளைத்தவனா? "அப்ப நான் சத்தியாக்கிரகம்" என்று அடுப்படி வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் ராஜியாகிவிட்டார்கள், அப்பளம் பொரிகிற வாசனை வந்தது. இப்போது ஆம்பூரில் எதற்கெடுத்தாலும் இந்தப் பேச்சுதான். கறக்க விடாத எருமைகூட ஒத்துழையாமை செய்கிறதாம்.

எங்கள் காலத்துக்கு வாய்த்த வார்த்தைகளே வேறு. அப்போது ஊரை ஆட்டி வைத்தது பிளேக். பெங்களூர்ப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களை ஜோலார்பேட்டையில் இறக்கி, நாக்கையும் கக்கத்தையும் பார்த்து, துணிமணிகளை மருந்துத் தண்ணீரில் முக்கி, ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதுதான் பாஸ்போர்ட். ஊர் வந்து சேர்ந்ததும் பத்து நாள், தினந்தோறும் கிராம முன்சீப் முன்னால் போய் நின்று உடம்பு நன்றாயிருக்கிறதென்று காட்ட வேண்டும். அது ஆஜர். பயத்தில் பிறந்த வார்த்தைகள்தான். ஆனால் நம் ஜனங்கள் எதையும் மென்று ருசி பார்த்துவிடுவார்களே! எலி செத்து விழுந்தால் பிளேக் வந்துவிட்டதென்று அர்த்தம், ஆகவே முகம் தொங்க வருகிறவனைப் பார்த்து, "இன்னா, எலி வுழுந்துதா?" என்பார்கள். பால் தண்ணீராக இருந்தால், "இதுக்குப் பாஸ்போர்ட் கீதா?" புதிதாக ஒருவன் தோஸ்த் என்று ஒட்டிக்கொண்டால், "பத்து நாள் போவட்டும், பாக்கலாம்."

அந்த மருந்துத் தண்ணீரின் நெடி இருக்கிறதே, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளுக்கு நடுவே வளர்ந்த என் மூக்கே தோற்றுப்போயிற்று. என் கல்யாணத்தின்போது பெண்ணுக்கென்று நான் வாங்கிய புடவை முங்கியது அதில்தான்.

அப்போது மண்டியில் குமாஸ்தாவாக இருந்தேன். முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, முதலாளி பாய் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், பெங்களூர்ப் பட்டு வாங்கியே தீருவேன் என்று புறப்பட்டேன். அசட்டுத்தனத்துக்கு வயதும் ஒத்தாசை செய்தது. திரும்பி வரும்போது கையில் பாஸ்போர்ட், பையில் சாயம் கரைந்த அரக்குக் கரைப் புடவை. பத்து நாள் ஆம்பூரை விட்டு நகரக் கூடாது. கல்யாணமோ வாணியம்பாடியில், ஏழாம் நாள். பெண்ணின் அப்பா ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்: "பத்து நாள் முடியாதவன வூட்டுக்குள்ள வுட மாட்டேன். இந்த சம்பந்தமே வேணாம்." பெண் பார்க்கப் போனபோது பட்டம்மாவை ஒரே ஒரு தரம் பார்த்திருந்தேன். அதற்கே, தோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். இப்போது சொல்ல வெட்கமில்லை.

பட்டம்மா தன் அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாளாம். "அவரு இங்க வரக்கூடாதுன்னா, நாம அங்க போனா இன்னா?"

மறுநாளே மனுஷர் சம்மதமென்று ஆளனுப்பினார். ஏழாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். முன்சீப் சாவடிக்குப் பக்கத்துக் கோயிலில் கல்யாணம். தாலி கட்டிய கையோடு, மாலையும் கழுத்துமாக ஆஜர் கொடுக்க ஓடினேன். முன்சீப் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நாக்க நீட்டு மாப்ளே" என்றார். நீட்டினேன். பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. திரும்பினால், கோயில் படியில் அந்தச் சாயம் போன புடவையில் பட்டம்மா.

பிளேக் ஒழிந்தது. சீட்டு ஒழிந்தது. பாஸ்போர்ட் என்றால் கப்பலேறுகிறவர்கள் சமாசாரம் என்றாகிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் ஆஜர் ஒழியவில்லை. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், உள்ளேயிருந்து, "ஆஜரா?" என்பாள். "ஆஜர்" என்று நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கால் கழுவப் போவேன். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இந்தக் கூத்து நடந்தது.

போன தை மாதம் பட்டம்மா போய்விட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினேன். வாய் தானாக, "ஆஜர்" என்றது. வார்த்தை சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு மாமா வந்துகீறாங்க?"

"யாருமில்லம்மா, நான்தான்" என்றேன்.