நெல்லுக்குக் காவல் இருந்த நாள்

எங்கள் நெல்லை எங்கள் சித்தப்பாவிடமிருந்தே காப்பாற்றும் பொறுப்பு வந்தபோது எனக்குப் பதினோரு வயது. பொறுப்பைக் கொடுத்தது அம்மா.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தார். அம்மாவே ஆள் பிடித்துக் குறுவை நட்டு, களையெடுத்து, மெஷின் வைத்து அறுத்து, அரசாங்கக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொண்டுவந்து கொட்டியும்விட்டாள். ஐந்து நாளாக வரிசையில் காத்துக் கிடந்தோம். அந்தக் குவியல் விலை போனால்தான் அப்பாவுக்கு ஆபரேஷன். இதை வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் யாரும் மெதுவாகப் பேசவும் இல்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பல வருஷம் முன்னால் எங்கள் போர்வெல் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டுத் திருப்பூருக்கு ஓடிப்போனவர். அண்ணன் விழுந்த சேதி கேட்டு, ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து அப்பாவைக் குளிப்பாட்டுவது, மாட்டுக்குப் புல் அறுப்பது எல்லாம் அவர்தான். அம்மா அவருக்கு வயிறாரச் சோறு போட்டாள். பேச்சுதான் அளந்து போட்டாள்.

அன்று சனிக்கிழமை. அப்பாவைத் தஞ்சாவூர் டாக்டரிடம் காட்ட அம்மா ஆட்டோ வைத்துக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் எங்கள் முறை வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். போகுமுன் என்னைத் தனியே இழுத்து, “குவியல விட்டு நகராத. ஒன் சித்தப்பா யார்கிட்ட என்ன பேசுறாருன்னு காதுல வாங்கிக்க” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முந்தின நாள் தூறியிருந்தது. வெயில் ஏறியதும் சித்தப்பா படுதாவை உருவிக் குவியலைத் திறந்துவிட்டார். அப்போது ஒரு நெல் வியாபாரி பைக்கில் வந்து, எங்கள் நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். இருவரும் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள்.

“பாப்பா, தரை ஈரமா கெடக்கு. நெல்ல விரிச்சுப் போட இன்னொரு படுதா வாங்கிட்டு வந்துர்றேன். மேகம் வந்தா மட்டும் மூடு” என்று சொல்லிவிட்டு, சித்தப்பா அதே பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

படுதாவாம்! எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வியாபாரியோடு போய் லாரியோடு வரப்போகிறார். நான் படுதாவை இழுத்துக் குவியலை இறுக்க மூடினேன். ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன். உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்துக் குவியல்காரர் கேட்டார்: “என்னா பாப்பா, நெல்ல அடை காக்குறியா?”

“ஒங்க நெல்லப் பாருங்க” என்றேன்.

மதியத்துக்கு மேல்தான் சித்தப்பா வந்தார். லாரி இல்லை. தலையில் ஒரு பழைய படுதாவைச் சுமந்துகொண்டு நடந்து வந்தார். மூடிக் கிடந்த குவியலைப் பார்த்ததும் சுமையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டார். என் கையையும் பிடித்து உள்ளே வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது.

“ஈர நெல்ல வெயில்ல மூடுனா உள்ளயே வெந்து முளைச்சிரும் பாப்பா.”

ஏன் மூடினாய் என்று கேட்கவில்லை. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. இருவரும் அள்ளி அள்ளிப் பரப்பினோம். கால்களால் துழாவிக்கொண்டே மேலும் கீழும் நடந்தோம். நாலு மணிக்கு நிலையத்துக்காரர் ஈரம் பார்க்கும் மெஷினோடு வந்தார். “பத்தொம்பது இருக்கு. பதினேழுக்கு வந்தாத்தான் எடுக்க முடியும். அடுத்த ஆளு வாங்க.”

கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. “ஏன் இன்னும் எடை போடல?” என்று இறங்கும்போதே கேட்டாள் அம்மா. நான் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“நான்தான் அண்ணி. மூடிப் போட்டுட்டு டீக்கடையில ஒக்காந்துட்டேன்.”

“ஒன்ன நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும்! அன்னிக்கு மோட்டாரு, இன்னிக்கு நெல்லா?” வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அம்மா கத்தினாள். சித்தப்பா குனிந்து நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நல்ல வெயில். நெல் பதினாறு காட்டியது, மூட்டையாகிப் போனது. அன்று பகலெல்லாம் நான் குவியலைப் பார்க்கவே இல்லை. வேப்பமர நிழலில் நன்றாகத் தூங்கினேன். அதுதான் சித்தப்பா பார்த்துக்கொள்கிறாரே! இன்று அப்பா தடியில்லாமல் நடக்கிறார். சாகுபடி முழுக்கச் சித்தப்பாதான். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்குக் கல்லூரிக்குப் போகும் வயது வேண்டியிருந்தது. “அடிப்பாவி” என்றவள், கையைத் துடைத்துக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய், சித்தப்பாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: தப்பித்தோம். பெரியவர்களுக்குத் திட்டு வலிக்காது என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டில் வறுத்த கெண்டை. சித்தப்பா பசியில்லை என்று சொல்லிக் குவியலுக்கே திரும்பிப் போய்விட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் பங்கு மீனையும் நானே தின்றேன்.